கெர்லிங் கொட்டகையில் ஓர் ஆஸ்டின்

கெர்லிங்கில் பழைய தோட்டக் கொட்டகை ஒன்றில் கிடக்கும் ஆஸ்டின் செவன் காரை வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். போய்ப் பார்த்தோம். இஞ்சின் இறுகிக் கிடந்தது.

"அது பெரிய விஷயமில்ல தம்பி. எண்ணெய் ஊத்தி ஊறவச்சா விட்டுடும். சேஸிஸ துரு தின்னிருக்கான்னு பாருங்க," என்றார் உடன்வந்த மெக்கானிக்.

இங்கிலாந்தில் 1922இல் அறிமுகமாகி 1939 வரை தயாரான கார் இது. பெரும்பாலானவை 747 சிசி. அங்கே அது சாதாரணக் குடும்பங்களுக்கான சின்னக் கார். மலாயாத் தோட்டத்தில் கார் என்றாலே துரைதான். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கையாக இருந்தது. மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். வயிற்றுக்காக மட்டும் நடந்த போராட்டம் அல்ல அது.

சேஸிஸ் தப்பித்திருந்தது. உதிரிப் பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். ஆனால், எங்கள் தாத்தாக்களை இறங்க வைத்த வண்டிக்கு நாங்கள் ஏன் உயிர் கொடுக்க வேண்டும்?

துரைகள் போய்விட்டார்கள். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. இதுவும் இரும்புக்கடைக்குப் போனால் கண்ணால் பார்க்க ஒரு சாட்சியும் மிஞ்சாது.

"வாங்குடா," என்றேன். "ஆனா யாருகிட்ட காட்டினாலும், கதைய சைக்கிள்லேர்ந்து ஆரம்பி."