அலைக்கு நெளிந்த மரம்

பதுளையிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும்போது தேயிலை முடிந்து வெயில் தொடங்கும். மேலே தோட்டங்களில் நிற்கும் கருப்பந்தேயிலை மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கீழே உலர்காட்டில் இருப்பது சாவண்டலை, இந்த மண்ணின் மரம். ஹல்மில்ல என்றால்தான் நம்மவர்களுக்கு உடனே விளங்கும்.

வெள்ளைக்கார வியாபாரிகள் வைத்த பெயர் திருகோணமலை மரம். அந்தத் துறைமுகத்தில் ஏறி அது போய்ச் சேர்ந்த ஊர் சென்னை. அங்கே அப்போது கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரமிடும், ஆளும் மூட்டையும் மசூலாப் படகில்தான் அலையைத் தாண்ட வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் துளையிட்டு, பொருத்துகளில் வைக்கோல் அடைத்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த படகு பிளக்கும். இது நெளிந்து கொடுக்கும். இந்தப் படகுக்கு ஹல்மில்ல என்று, இலங்கையைப் பற்றி எமர்சன் டெனன்ட் எழுதிய 1859ஆம் ஆண்டு நூலிலேயே இருக்கிறது. தாவரவியலாரும் இந்த மரத்துக்குச் சென்னையில் இருந்த மருத்துவர் ஆண்ட்ரூ பெரியின் பெயரைத்தான் சூட்டினார்கள்: பெர்யா.

1870களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. மசூலாவின் செல்வாக்கு இறங்கியது. மரத்துக்கு அப்போதும் வேலை இருந்தது. பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894இல், பதுளைக்கு 1924இல். ரயில் வரும்வரை ஊவாவின் கோப்பியும் தேயிலையும் மலையிறங்கியது மாட்டுவண்டியில். வண்டி செய்யவும் இந்த மரம் போனது. நல்ல தென்னஞ்சாராயம் இன்றும் ஊறுவது ஹல்மில்லப் பீப்பாவில். லயத்துக்கு வரும் மலிவுச் சரக்குக்கு அந்தப் பாக்கியம் எங்கே?

படகு கட்டித்தான் காடு அழிந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தச்சனுக்கு வேண்டியது நல்ல மரம், ஒன்றிரண்டு. மகியங்கனைப் பக்கம் 1980களில் மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தின் 'சி' வலயத்துக்காகக் காடு காடாகவே போனது. வயல் வந்தது, குடும்பங்கள் பிழைத்தன. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சாவண்டலை நின்ற இடம் அது.

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது. இப்போது பலகை வேண்டுமென்றால் நட்டு வளர்த்த தோப்பையோ வீட்டுத் தோட்டத்தையோதான் தேட வேண்டும். லொறியில் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கடற்கரைகளிலோ ஃபைபர் படகுகள். அதனால் காட்டுக்கு இலாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மசூலாவின் கயிற்றை அறுத்தால் பலகை மிஞ்சும், வேறு படகில் தைக்கலாம், கடைசியில் அடுப்புக்காவது ஆகும். உடைந்த ஃபைபர் படகை அறுத்துப் பலகையாக்க முடியாது, எரிக்கவும் கூடாது. கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்.