இரைப்பை அறுவையின் வரலாறு: பசியிலிருந்து பருமன் வரை

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறட்பாக்களுள் 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உணவின் அளவையும் முறையையும் பற்றியன. மருத்துவனையும் அவன் தொழிலையும் கூறுவன இறுதி மூன்றே. மருந்தைப் பற்றிப் பேசவந்த புலவர் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கியது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும், தோட்டங்களை விட்டுப் பெயர்ந்தோர் வாழும் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா முதலிய ஊர்களிலும் இன்று வீட்டுக்கு வீடு நிகழும் பேச்சே அதற்கு விடையாகும். இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு, கால் நீக்கம் என்னும் சொற்களை அறியாத குடும்பம் அரிது. அவற்றோடு அண்மையில் ஒரு புதுப்பேச்சும் சேர்ந்துள்ளது: ‘வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன்’.

இவ்வறுவையை அழகுக்காகச் செய்வது என்பாரும், சோம்பேறிகளின் குறுக்குவழி என்பாரும், உடலை ஒரே நாளில் இளைக்கச் செய்யும் மாயம் என்பாரும் உளர். இம்மூன்றும் பிழையான கருத்துகள். இவ்வறுவை தோன்றிய வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு கூறார்.

புழுங்கலரிசி தந்த காப்பு

மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது தொடக்கமாயிற்று. பின்னர்த் தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். குளிர்சுரமும் சோகையும் அவர்களை வாட்டின. ஆயினும் அக்காலத்து மலாயாவைக் கலக்கிய ‘பெரிபெரி’ நோய் தமிழரை அவ்வளவாகத் தீண்டவில்லை. கால்கள் வீங்கி மரத்து, இதயம் தளர்ந்து உயிர் போக்கும் அந்நோய், வெள்ளையரிசி உண்ட ஏனையோரிடையே பரவியிருந்தது.

மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கண்டு, தமிழர் உண்ணும் புழுங்கலரிசியே அவர்களைக் காத்தது என்று எழுதினார். 1907ஆம் ஆண்டில் அதே மாநிலத்தின் டுரியான் திப்புஸ் பகுதியில், சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர் முந்நூற்றுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வெள்ளையரிசியும் மற்றொரு பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்து ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஆராய்ந்தனர். வெள்ளையரிசி உண்டோரிடமே நோய் தோன்றிற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்கி நிற்பதே இதற்குக் காரணம். 1926ஆம் ஆண்டில் பத்தாவியா நகரில் பிரித்தெடுக்கப்பட்ட அச்சத்து இன்று ‘தயமின்’ எனவும், வைட்டமின் பி1 எனவும் வழங்குகிறது. இதனை நினைவில் இருத்துதல் நன்று. கட்டுரையின் இறுதியில் இந்நோயே மீண்டும் தலைகாட்டும்.

மெலிந்தோர் மரபில் பருமன்

புலருமுன் எழுந்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி நடந்து சீவி, மீண்டும் நடந்து பால் சேர்த்துச் சுமந்த உடல்களில் கொழுப்புத் தங்க இடமில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கே பலர்க்கு உணவாயிற்று. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து வேலை செய்கின்றனர். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் செல்கின்றனர். கட்டிப்பால் கலந்த தேநீர், ரொட்டி சானாய், இனிப்புப் பானங்கள் ஆகியவை நாள்தோறும் எளிதிற் கிடைக்கின்றன. உழைப்பு குறைந்தது, உணவு கூடியது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளிடத்தும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருப்பதைப் புனே நகர மருத்துவர் யாஜ்னிக் எடுத்துக்காட்டினார். பார்வைக்கு ஒல்லியாக இருப்பவர்க்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்ந்து இனிப்புநீர் வருவது இதனாலாகும். மலேசிய அரசின் 2019ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பில் வயது வந்த இந்தியருள் 31.4 விழுக்காட்டினர்க்கு இனிப்புநீர் இருந்தது. எல்லா இனத்தவரையும் சேர்த்து நோக்கினால் அது 18.3 விழுக்காடே. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகையெடையோ பருமனோ உடையோர். இத்துணைப் பெரிய தொகையைத் தனிமனிதரின் சோம்பல் என்று ஒதுக்கிவிடுதல் அறிவாகாது.

புண்ணுக்கு எழுந்த கத்தி

இரைப்பையைத் தொட்ட அறுவை பருமனுக்காகத் தோன்றியதன்று. 1881ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வியன்னா நகரில் பில்ராத் என்பவர் புற்றுற்ற இரைப்பைப் பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குடலுடன் இணைத்து வெற்றி கண்டார். அவ்வாண்டிலேயே அவருடைய உதவியாளர் வோல்ஃப்லர் இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் முறையைச் செய்து காட்டினார்.

இவ்விணைப்பறுவை தமிழ் மண்ணுக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. 1922ஆம் ஆண்டில் எவரெஸ்டு மலையேறச் சென்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் நெய்யூரைக் கண்டு, நோயாளரின் கூட்டத்தைப் பார்த்து மனம் மாறி அங்கேயே பணியாற்றத் துணிந்தார். அவ்வட்டாரத்து ஏழை மக்களைக் குடற்புண் வாட்டிற்று. அவர்தம் உணவுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1936இல் ஓர் என்பவருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார் சாமர்வெல். நெய்யூரில் இரைப்பை அறுவை செய்துகொண்டோர் ஆயிரக்கணக்கினர். பின்னாளில் அவர் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார். வறியோரின் புண்ணை ஆற்றிய அந்த அறுவையே பருமனுக்குரிய அறுவைக்கு முன்னோடி.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்டு மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்தோர் மீண்டும் எடை கூடாதிருப்பதைக் கவனித்தார். ‘குறையாகத் தோன்றும் இதனை ஏன் பயனாக்கக் கூடாது?’ என்பதே அவர் சிந்தனை. 1966ஆம் ஆண்டில் இத்தோ என்னும் மருத்துவருடன் சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் சிறு பையாகப் பிரித்துக் குடலுடன் இணைத்தார். இதற்கு முன் 1954இல் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறையை வெளியிட்டிருந்தனர். எடை குறைந்ததாயினும் ஈரல் கெட்டும் சிறுநீரகக் கல் உண்டாகியும் பலர் துன்புற்றமையால் அம்முறை கைவிடப்பட்டது. இவ்வறுவையின் வரலாற்றில் வெற்றியோடு இத்தகைய துன்பமும் கலந்தே நிற்கிறது.

1990களில் வயிற்றைக் கிழியாது சிறு துளைகளின் வழியே அறுவை செய்யும் முறை இத்துறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அத்துளைவழி அறுவையில் பெயர் பெற்றவர் கோயம்புத்தூர் மருத்துவர் சி. பழனிவேலு. இரைப்பையில் ஏறத்தாழ முக்காற்பங்கை நீக்கி, எஞ்சியதை வாழைக்காய் வடிவில் நீண்ட குழாயாக்கும் முறையே இன்று உலகில் மிகுதியாக வழங்குவது. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு பெரும்பாலும் நீக்கப்படும் பகுதியில் தோன்றுவதால், பசியும் ஓரளவு தணிகிறது.

இனிப்புநீர் அடங்கிய வியப்பு

மேசன் வழியில் அறுவை செய்த வால்டர் போரிஸ் என்பவர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி மருத்துவ உலகை வியக்கச் செய்தது. இனிப்புநீருடன் வந்த 146 பேருள் 121 பேர்க்கு, அறுவைக்குப் பின் இரத்தச் சர்க்கரை இயல்புநிலையில் நின்றது. எடை குறையுமுன்னரே சர்க்கரை அடங்கக் கண்டு, குடற்சுரப்புகளும் இதில் பங்கு கொள்வதை ஆய்வாளர் உணர்ந்தனர்.

ஆயினும் இதனை முற்றும் தீர்க்கும் மருந்தென்று கொள்ளலாகாது. 1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டு ஆய்வில், அறுவை செய்துகொண்ட இனிப்புநீர் நோயாளருள் 72 விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டில் நோய் நீங்கியிருந்தனர். பத்தாம் ஆண்டில் அத்தொகை 36 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் அறுவை செய்துகொண்டோரிடையே இறப்புக் குறைந்திருந்ததை அவ்வாய்வு 2007இல் அறிவித்தது.

யாவர்க்கு இவ்வறுவை உரியது? எடையைக் கிலோவிற் கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் இருபடியால் வகுத்தால் வருவது எடைச் சுட்டெண். 1.60 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உடையவர்க்கு அது 35. உலகளாவிய அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல் 35க்கு மேற்பட்டோர்க்கும், இனிப்புநீர் உடையோராயின் 30க்கு மேற்பட்டோர்க்கும் அறுவையைப் பரிந்துரைத்தன. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே கருதலாம் என்றன. மலேசியாவில் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இவ்வறுவை நடைபெறுகிறது.

அறுவைக்குப் பின்

அறுவை ஓரிரு மணிநேரத்தில் முடிவது. அதன்பின் வரும் ஒழுங்கோ வாழ்நாள் முழுவதற்கும் உரியது. முதலிரு வாரம் நீராகாரமே உணவு. பின்னர் மசித்தது, பின்னர் மென்மையானது எனப் படிப்படியாகச் சென்று, இரண்டு திங்கள் அளவில் வழக்கமான உணவுக்கு வரலாம். அப்போதும் சில கவளமே செல்லும். முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றை இறுதியிற் கொள்ளல் வேண்டும். உண்ணும்போதே நீர் பருகலாகாது. குடலிணைப்புச் செய்துகொண்டோர் இனிப்பை மிகுத்து உண்டால் நெஞ்சு படபடத்து வியர்த்துச் சோர்வர். சில திங்களில் முடி உதிரும், தோல் தொங்கும். ஓராண்டு, ஒன்றரையாண்டு வரை எடை இறங்கும். ஒழுங்கு தவறினால் மீண்டும் ஏறும்.

உடல் துன்பத்தினும் கடினமானது உறவினரின் அன்பு. ‘இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் வைப்பதே விருந்தோம்பல் எனக் கருதும் சமுதாயத்தில், நான்கு கவளத்தில் எழுபவர் மனத்தாங்கலுக்கு ஆளாகிறார். திருமண வீட்டிலும் திருவிழாவிலும் அவரை வற்புறுத்தாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் பேருதவி. வகுப்பறையிலும் அவ்வாறே. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைப்பது எடையைக் குறைப்பதில்லை. உண்பதை மறைத்து உண்ணவே அப்பிள்ளைக்குக் கற்பிக்கிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அறுவைக்குப் பின் இடைவிடாது வாந்தியெடுத்து, உணவும் சத்துமாத்திரையும் உட்கொள்ளாதார்க்குச் சில வாரங்களிலேயே ஒரு நோய் தோன்றக்கூடும். கால் மரக்கும், நடை தளரும், நினைவு குழம்பும். அதுவே பெரிபெரி. தயமின் சத்து உடலில் நெடுநாள் தங்குவதன்று. நூறாண்டுகட்கு முன் புழுங்கலரிசியால் அந்நோயினின்று தப்பிய தொழிலாளரின் வழித்தோன்றல், வயிறு சுருங்கிய நிலையில் அதே நோய்க்கு இரையாகலாம். ஆதலின் மாத்திரையை நிறுத்தாமையும், வாந்தி நீடிப்பின் உடனே மருத்துவரை நாடுதலும் உயிர்காக்கும் கடமைகள்.

குறைந்த உணவு தந்த நோயும் மிகுந்த உணவு தந்த நோயும் ஒரே குடும்ப வரலாற்றில் அடுத்தடுத்து நின்றன. கத்தி இரைப்பையின் அளவைக் குறைக்கும். உண்பதன் அளவை அறிவது உண்பவர் கடன். வள்ளுவர் மருந்ததிகாரத்தில் உணவுக்கு ஆறும் மருத்துவத்துக்கு மூன்றுமாகப் பகுத்துவைத்தது இதனாற்போலும்.