பேராமையின் கடல்வழி

1503ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாளன்று, கொலம்பஸ் புழுவரித்த இரண்டு மரக்கலங்களோடு பனாமாக் கரையிலிருந்து வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். அது அவருடைய நான்காவது யாத்திரை. கடைசி யாத்திரையும் அதுவே. வழியில் இரு சிறு தீவுகள் தென்பட்டன. அத்தீவுகளின் கரையும் அவற்றைச் சூழ்ந்த கடலும் ஆமைகளால் நிறைந்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவை நீர்மேல் தலைநீட்டிய சிறு பாறைகள் போலத் தோன்றின. ஆமைத்தீவுகள் என்று பொருள்படும்படி அவற்றுக்குப் பெயரிட்டுவிட்டு அவர் தம் வழியே சென்றார். இன்று கெய்மன் தீவுகள் என்று வழங்கும் கூட்டத்தில் உள்ள இரண்டு தீவுகளே அவை.

அங்கே அவ்வளவு பெருந்தொகையாக நிறைந்திருந்தது நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் இனம். அழுங்காமை, பெருந்தலையாமை முதலிய பிற கடலாமைகளிலிருந்து இதனை வேறுபிரித்தறிவது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆங்கிலேயர் இதனைப் பச்சையாமை என்பர். ஓடு பச்சையாயிருப்பதால் வந்த பெயர் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் ஓடு கபிலமும் கருமையும் கலந்தது. அறுத்தபோது ஓட்டின் அடியிலே கிடக்கும் கொழுப்புத்தான் பச்சை. ஓர் உயிருக்கு அதன் கொழுப்பின் நிறத்தை வைத்துப் பெயரிட்டவர்கள் அதனை எந்த நோக்கோடு பார்த்தார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வளர்ந்த பேராமையின் ஓடு ஏறத்தாழ மூன்றடி நீளமிருக்கும். நிறை இரண்டு மூன்று அந்தருக்குக் குறையாது. இளங்குஞ்சாக இருக்கையில் கடலில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும் இப்பிராணி, வளர்ந்தபின் பெரும்பாலும் தாவரபட்சணியாகிவிடுகிறது. ஆழமற்ற கடலடியில் புல்வெளிபோற் பரந்துகிடக்கும் கடற்புல்லும் பாசியுமே அதற்கு உணவு. ஆடுமாடுகள் புற்றரையில் மேய்வதுபோல அது நீருக்கடியில் மேய்கின்றது. மேய்ந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மேய்ந்து, அங்கே தளிர்க்கும் இளம்புல்லைத் தின்னும் வழக்கமும் அதற்குண்டு. உண்ணும்போது உட்செல்லும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. முட்டையிடக் கரைக்கு வந்த தாயாமை கண்ணீர் விட்டு அழுகிறது என்று கதை கட்டியவர்கள் கண்டது இந்த உப்புநீரையே.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் மாலுமிகளுக்குப் பெருங்குறை புத்திறைச்சி. உப்பிட்ட மாட்டிறைச்சியும் பூச்சியரித்த பிஸ்கோத்துமே மாதக்கணக்கில் அவர்களுடைய உணவு. பேராமையோ, மல்லாத்திப் போட்டால் தானாக நிமிர முடியாத பிராணி. மேற்றளத்தில் அவ்வாறு கிடத்தி அவ்வப்போது கடல்நீர் தெளித்து வந்தால், தீனியின்றியே வாரக்கணக்கில் உயிர் வைத்திருக்கும். அழுகாத இறைச்சிப் பண்டகசாலை ஒன்று கப்பலிலேயே கிடப்பதற்குச் சமானம் இது. 1655ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் யமேக்காவைக் கைப்பற்றிய பின், அத்தீவின் குடியேற்றத்தாருக்கும் கப்பற்படைக்கும் கெய்மன் கரைகளின் ஆமைகளே பெரும்பங்கு உணவளித்தன. பிடிப்பதில் சாதுரியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரவில் முட்டையிடக் கரையேறும் பெண்ணாமையைப் புரட்டிவிட்டுக் காலையில் வந்து ஏற்றிக்கொள்வார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ருசி இலண்டன் மாநகரத்துச் சீமான்களையும் பற்றிக்கொண்டது. நகரசபை விருந்துகளில் ஆமைச் சூப்பு இல்லாவிடின் அது விருந்தாகக் கணிக்கப்படவில்லை. வாங்க வசதியற்றவர்கள் கன்றின் தலையை வேகவைத்துப் போலி ஆமைச் சூப்புச் செய்து திருப்தியடைந்தனர். 1865இல் வெளிவந்த ஆலிஸ் என்னும் சிறுமியின் அற்புத உலகக் கதையிலே, ஆமையுடலும் கன்றின் தலையும் கொண்டு ஓயாமல் அழும் பாத்திரம் ஒன்று வருவது இந்தப் போலிச் சூப்பைக் கேலிசெய்தே.

நாம் இவ்விடத்தில் பிறரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையிறைச்சி விற்கப்பட்ட முறையைத் தம் நூலில் அருவருப்போடு வருணித்திருக்கிறார். உயிரோடிருக்கும் ஆமையின் அடியோட்டை நீக்கி, வாங்குவோர் கேட்கும் பாகத்தைத் துண்டுதுண்டாக அரிந்து கொடுப்பார்களாம். இறுதியாக விலைபோகும் இருதயம் அதுவரை துடித்துக்கொண்டிருக்குமாம். 1840ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமையிறைச்சி உண்ட 28 பேர் நோயுற்று, அவர்களில் 18 பேர் அன்றிரவே மாண்ட செய்தியையும் அவரே குறித்துள்ளார். சில காலங்களில் அவ்விறைச்சி நஞ்சாகும் என்று தென்மேற்குக் கரையார் அஞ்சியது வீணான அச்சமன்று.

பிடிப்போர் கைக்கு எல்லை வகுக்கவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது; அதுவும் வெகு சீக்கிரத்திலேயே. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே உள்ள பெர்மியூடாத் தீவில், 1620ஆம் ஆண்டிலேயே குடியேற்றச் சபை ஒரு சட்டம் இயற்றிற்று. ஓட்டின் அகலம் 18 அங்குலத்துக்குக் குறைந்த இளம் ஆமைகளைக் கொல்பவர் 15 இறாத்தல் புகையிலை தண்டமாகக் கொடுக்கவேண்டும் என்பது விதி. கடலாமையைக் காக்க எழுந்த சட்டங்களுள் இதனினும் பழையது ஒன்றைச் சொல்வது அரிது. ஆயினும் பெர்மியூடாக் கரையில் முட்டையிடும் பேராமைக் கூட்டம் காலப்போக்கில் அற்றுப்போயிற்று. சட்டம் செய்தோர் குஞ்சுகளைக் காத்தனர்; முட்டையிட வரும் தாய்களைக் காக்கவில்லை. இப்பிழையின் ஆழம் விளங்குவதற்கு ஆமையின் வாழ்க்கைக் கணக்கைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

பேராமை பருவமடைய இருபத்தைந்து முதல் நாற்பது ஆண்டுவரை செல்லும். அதன் பின்னும் அது ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுக்கொருமுறையே வரும். வந்த பருவத்தில், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கொரு தடவையாகப் பல முறை கரையேறுகின்றது. அலைபடாத மேட்டு மணலில் முன்துடுப்புகளால் அகன்ற பள்ளம் பறித்து, பின்துடுப்புகளைக் கைபோல வளைத்துக் குடவடிவமான குழி தோண்டுகின்றது. கண்ணால் பாராமலே பின்னங்கால்கள் இவ்வளவு நேர்த்தியாகத் தோண்டுவது வியப்புக்குரியது. மேசைப்பந்து போன்ற உருண்டை முட்டைகள் நூறு அல்லது அதற்குச் சற்று மேலாக விழுகின்றன. மணலால் மூடி, இடம் தெரியாதபடி சுற்றிலும் மணலை வாரியெறிந்துவிட்டு அது கடலுக்குத் திரும்புகின்றது. அவ்வளவோடு தாய்க்கும் குஞ்சுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

பழந்தமிழ்ப் புலவர்கள் இவ்விடயத்தில் கூர்ந்த பார்வையுடையவர்கள். அகநானூற்றின் 160ஆம் பாட்டிலே, சூல்நிறைந்த ஆமை கடற்கரை மணல்மேட்டில் முட்டைகளைப் புதைக்கும் காட்சி வருகின்றது. முட்டையின் உருண்டை வடிவத்தையும் புலால் நாற்றத்தையும் அப்புலவர் தவறாமற் குறித்திருக்கிறார். ஆனால் குஞ்சு வெளிவரும்வரை ஆணாமை காவல் நிற்கும் என்று அவர் பாடியது கற்பனை. குஞ்சு பொரித்துக் கடல் புகுந்த ஆணாமை முட்டைக் காவலுக்காகக் கரையேறுவதே இல்லை. குறுந்தொகையின் 152ஆம் பாட்டோ, தாயற்ற முட்டை உள்ளேயே அழியும் என்ற கருத்தை உவமையாக ஆள்கிறது. காதலின் நிலைக்கு அது பொருத்தமான உவமை. ஆமையின் நிலையோ நேர்மாறானது. அதன் முட்டை ஒவ்வொன்றும் தாயற்ற முட்டையே.

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முட்டை பொரிக்கின்றது. தனியொரு குஞ்சு இரண்டடி மணலைக் கிளறி மேலே வருவது கடினம். நூறு குஞ்சுகளும் ஒன்றையொன்று இடித்து, கூரை மணலை உதிர்த்து, உதிர்ந்ததை மிதித்து, ஒரே கூட்டமாக எழுகின்றன. மேல்மணல் குளிர்ந்தபின்னரே, அதாவது பெரும்பாலும் இரவிலேயே, அவை வெளிப்படும். வெளிச்சம் மிகுந்த கடல்வானை நோக்கி ஓடும். கரையோரத்து மின்விளக்குகள் அவற்றைத் திசைமாற்றி ஊர்ப்பக்கம் இழுத்துவிடுவதும் இதனாலேதான். நண்டும் பறவையும் மீனும் உண்டது போக, முதிர்ச்சி காண்பவை மிகச் சிலவே. நூறு குஞ்சுகளை இழந்தாலும் கூட்டம் தாங்கும். முப்பது வருடம் பிழைத்து முட்டையிட வந்த ஒரு தாயின் இழப்பை அவ்வளவு எளிதாகத் தாங்காது. அதன் விளைவும் உடனே தெரிவதில்லை. இன்று கரையிற் குறைந்த தாய்களின் குறை, ஒரு மனிதத் தலைமுறை கழிந்தே கடலில் தெரியவரும். அதற்குள் பிடிப்போர் பழகிவிடுவார்கள்.

கெய்மன் தீவுகளில் நடந்ததும் இதுவே. பதினெட்டாம் நூற்றாண்டு முடியுமுன் அங்கே கரையேறும் ஆமை அருகிவிட்டது. கெய்மன் மாலுமிகள் முதலில் கியூபாவின் தென்கரைக்கும், பின்னர் நிக்கராகுவாவின் மிஸ்கிற்றோத் திட்டுகளுக்கும் வலைகளோடு சென்றனர். ஒரு காலத்தில், மூடுபனியில் வழிதவறிய கப்பல்கள் நீந்திச்செல்லும் ஆமைகளின் ஓசையைக் கேட்டே கெய்மனுக்குத் திசையறிந்தன என்று எட்வேட் லோங் என்பவர் 1774இல் யமேக்கா வரலாற்றில் எழுதியிருந்தார். அவர் எழுதிய காலத்துக்குப் பின் அவ்வோசை கேட்க வாய்ப்பில்லாது போயிற்று.

ஆனால் அம்மாலுமிகளிடம் ஓர் அறிவு இருந்தது. ஆமை தான் பிறந்த கரைக்கே முட்டையிட மீளும் என்றும், மேய்ச்சல் நிலத்துக்கும் கரைக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல் தூரம் வழிதவறாது செல்லும் என்றும் அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். கற்றோர் அதனை மீன்பிடிகாரர் கதையென ஒதுக்கினர். ஒதுக்காமற் கேட்டவர் புளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்ச்சி கார். அவர் 1955ஆம் ஆண்டில், கொஸ்ற்றாறிக்காவின் தொர்த்துகேரோக் கடற்கரையில் முட்டையிட வந்த ஆமைகளின் துடுப்புகளில் உலோகத் தகடு பொருத்தத் தொடங்கினார். தகட்டைத் திருப்பி அனுப்புவோருக்கு வெகுமதி உண்டு என்று அதிற் பொறித்திருந்தது. தகடுகள் மிஸ்கிற்றோத் திட்டுகளிலிருந்தும் கரிபியன் கடலின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. தகடிட்ட தாயாமைகளோ சில வருடங்களின் பின் தொர்த்துகேரோவுக்கே திரும்பி வந்தன; வேறொரு கரையில் அவை முட்டையிட்டதாக அவர் காலத்தில் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. படியாத மாலுமிகளின் வாக்கு மெய்யாயிற்று.

1956இல் அவர் வெளியிட்ட பயண நூலைப் படித்தவர்கள் 1959இல் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். அமெரிக்கக் கடற்படை விமானங்களில் தொர்த்துகேரோக் குஞ்சுகளை ஏற்றி, ஆமை அற்றுப்போன கரைகளிலெல்லாம் விட்டுப் புதுக்கூட்டங்கள் உண்டாக்க முயன்றனர். அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கூட்டத்தைப் பெயர்த்து நடுவது நாற்று நடுவதைப்போல எளிதன்று.

பிறந்த கரைக்கே பெண்ணாமை மீள்கிறது என்பதைத் தாய்வழிப் பரம்பரையலகுகளின் ஆராய்ச்சி 1990ஆம் ஆண்டை ஒட்டி உறுதிப்படுத்திற்று. கரைக்குக் கரை அப்பரம்பரைக் குறி வேறுபடக் காணப்பட்டது. பிறேசில் கரையில் மேயும் பேராமைகள் 1,300 மைலுக்கு மேல் நீந்தி, நடுச்சமுத்திரத்தில் ஒரு புள்ளியாகிய அசென்சன் தீவை அடைந்து முட்டையிடுகின்றன. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கிடம் மாறுவதை அவை உணர்கின்றன என்றும், பிறந்த கரையின் காந்தக் குறியைக் குஞ்சிலேயே பதித்துக்கொள்கின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நெருங்கியபின் மணமும் துணைசெய்யக்கூடும்.

வணிகத்தின் வாயில்கள் மெல்ல அடைக்கப்பட்டன. தொர்த்துகேரோ 1975இல் தேசியப் பூங்காவாயிற்று. சில ஆண்டுகளில் அக்கரையில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கூடுகள் எண்ணப்பட்டன. இலங்கையில் 1972 முதல் கடலாமைகள் சட்டத்தின் காவலில் உள்ளன. தென்கரையில் தங்காலைக்கு அண்மையிலுள்ள றெக்காவாவில் இரவிலே பேராமை கரையேறுவதை இன்றும் காணலாம். 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், அழிவை எதிர்நோக்கும் இனங்களின் வரிசையிலிருந்து பேராமையை விடுவித்தது. அரை நூற்றாண்டுக் காவலின் பலன் அது.

வேறு அபாயங்கள் இல்லாமலில்லை. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபின் நம் கரைகளில் நூற்றுக்கு மேற்பட்ட கடலாமைகள் இறந்து ஒதுங்கின. இதனினும் மௌனமான அபாயம் வெப்பம். முட்டையினுள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கின்றது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேற்பட்டால் பெண்கள் மிகும். குறைந்தால் ஆண்கள் மிகும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாரின் வடபாகத்தில் பிறந்த இளம் ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்கள் என்று 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

ஆமைக்காக முதற்சட்டம் செய்த பெர்மியூடாவில், 2015ஆம் ஆண்டு, மணலுள் பேராமைக் கூடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் அங்கே காணப்பட்ட முதற் கூடு அது.