மனச்சான்றும் தன்னடக்கமும்: காந்தியின் சத்தியாக்கிரகம் பற்றி ஒரு நோக்கு

தனிமனிதர் தம் மனச்சான்றின்படி சட்டத்தை மீறலாமெனின், ஒவ்வொருவரும் தமக்கு உவந்ததையே உண்மையெனக் கொள்ளும் நிலை தோன்றாதா? 1920 ஜனவரியில், அகமதாபாத்தில் ஹண்டர் விசாரணைக் குழுவின்முன் சாட்சியமளித்த காந்தியிடம், அக்குழுவின் உறுப்பினர் சிமன்லால் செதல்வாட் எழுப்பிய வினாவின் சாரம் இதுவே. உண்மையை ஒவ்வொருவரும் தாமே துணியவேண்டுமென்பதைக் காந்தி மறுத்தாரல்லர். காட்சிகள் வேறுபடுமாதலின் அகிம்சை இன்றியமையாதது என்பதே அவர் விடை. கொள்கை பிழையாயின் அதன் துன்பம் கொண்டவரையே சாரவேண்டும் என்னும் கருத்தை, 1909இல் எழுதிய ‘ஹிந்த் சுவராஜ்’ நூலிலேயே அவர் முன்வைத்திருந்தார்.

இவ்விடையின் பின்னணியில் 1919 ஏப்ரல் அனுபவம் இருந்தது. ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது அகமதாபாத்திலும் வீரம்காமிலும் வன்செயல்கள் நிகழவே, காந்தி சட்டமறுப்பை இடைநிறுத்தித் தம் கணிப்புப் பிழையை வெளிப்படையாக ஏற்றார். சட்டங்களை அச்சத்தாலன்றி, விளங்கி விரும்பிப் பேணிப் பழகியவர்க்கே அநீதியான சட்டம் இதுவெனத் துணியும் தகுதி உண்டு என்பது அவர் கண்ட முடிபு. மனச்சான்று இங்கு பிறப்புரிமையாகவன்றிப் பயிற்சியால் ஈட்டப்படுவதாகக் கொள்ளப்படுதல் மனங்கொள்ளத்தக்கது.

இக்கோட்பாட்டின் கடுஞ்சோதனை 1922இல் நேர்ந்தது. பெப்ரவரி 4ஆம் திகதி, கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌராவில் பொலிசார் சுட்டதில் மூவர் மாண்டனர். சினமுற்ற கூட்டத்தினர் நிலையத்துக்குத் தீயிட, பொலிசார் இருபதிற்கு மேற்பட்டோர் மடிந்தனர். காந்தி ஐந்து நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அதே வேளை, பர்தோலியிற் கூடிய காங்கிரஸ் செயற்குழு சட்டமறுப்பை நிறுத்தியது. ஜமீன்தாருக்குக் குத்தகை செலுத்த மறுப்பது காங்கிரஸ் தீர்மானங்களுக்கு முரணானதெனவும் அது விவசாயிகளுக்கு அறிவித்தது. இதில் வர்க்கநலன் வெளிப்படுவதை ரஜனி பாமி தத் சுட்டிக்காட்டினார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லாலா லஜபதிராயும் அம்முடிவாற் கொதிப்புற்றனர். 1923 ஜனவரியில் நீதிமன்றம் 172 பேருக்கு மரணதண்டனை விதித்தது; மேன்முறையீட்டில் 19 பேருக்கு அது உறுதியாயிற்று.

காந்தியின் தன்னொறுப்பை நாம் பாசாங்கெனத் தள்ளிவிட இயலாது. தம் பிழையைத் தாமே தேடும் தலைவர்கள் அரியர். எனினும், பிழையின் சுமை கொண்டவரையே சாரும் என்ற அவரது விதி, பல்லாயிரவர் இணைந்த இயக்கத்தில் நிறைவேறவில்லை. நோன்பு ஒருவருடையது; இயக்கம் நின்றதன் விளைவோ நிலமற்றோரையும் குத்தகையாளரையும் சார்ந்தது. அவர்களுடன் கலந்து அம்முடிவு எடுக்கப்படவில்லை. ஆதலின், ஒழுக்கத் துணிபுக்கு வேண்டிய பணிவை ஒருவரின் அகத்தாய்வாக மட்டும் நாம் கொள்ளலாகாது. அத்துணிபின் விளைவைச் சுமப்போரின் குரலுக்குச் செவிசாய்ப்பதும் அதன் கூறாதல் வேண்டும்.