ஊவாத் தோட்ட வாழ்க்கையின் ஒளிப்படங்கள்

இந்திய வம்சாவளியினரான இலங்கையின் மலையகத் தமிழர் கேமராவுக்கு முன் நிற்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. அவர்களைப் படமெடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியார். படத்தின் கீழே தொழிலாளியின் பெயர் இருப்பது அபூர்வம்.

1870களில் ஸ்கோவன், ஸ்கீன் போன்ற நிறுவனங்கள் கோப்பித் தோட்டங்களைப் படமெடுத்தன. அப்படங்களை வாங்கியவர்கள் தோட்டத் துரைமாரும் பயணிகளும். அன்றைய கண்ணாடித் தகட்டில் உருவம் பதியச் சில வினாடிகளாவது அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே வேலையை நிறுத்தி, ஆட்களை வரிசையாக நிற்கவைத்தே 'வேலை செய்யும் காட்சி' எடுக்கப்பட்டது. 1869இல் ஊவா மாகாணத்து மடுல்சீமையில் முதலில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் அப்புத்தளை தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். கூடை சுமந்த தமிழ்ப் பெண் விளம்பரப் படமானாள். அவள் திரும்பிப் போன லயத்துக் காம்பராவும் (வரிசை வீட்டு அறையும்), இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) எரிந்த அடுப்பும், விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களமும் விளம்பரத்துக்குத் தேவைப்படவில்லை.

1875இல் இலங்கைக்கு வந்த பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், 1879இல் இறக்கும்வரை இங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. குடும்பத்தின் கோப்பி நிலங்கள் இருந்தது ஊவாவில் அல்ல, திக்கோயாப் பக்கம். அவர் படங்களில் உழைப்பாளர் முகங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பெயர்கள்தாம் அங்கும் பெரும்பாலும் இல்லை.

தோட்ட மக்கள் தாமே காசு கொடுத்து எடுத்த படங்களையே இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். பிரியப்போகும் உறவுகளுக்கும் ஒரு படம் வேண்டும். குடும்பங்கள் டவுன் ஸ்டூடியோக்களுக்கு இறங்கிவந்தன. பெரியவர்கள் நாற்காலியில் அமர, பிள்ளைகள் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக் கைகட்டி நிற்பார்கள். பிறகு பதுளை ரயில், தலைமன்னார், இராமேஸ்வரம் கப்பல். இலங்கையின் உள்நாட்டுப் போரினால் 1984இல் கப்பலும் நின்றது. அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே படத்தின் பிரதிகள் தங்கிப்போயின.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, ஊவாத் தோட்டங்களின் படங்கள் உலகமெங்கும் போயின. இன்று தோட்டத்து இளைஞர்கள் கைத்தொலைபேசியில் தம் வீட்டையும் பாதையையும் தாமே எடுக்கிறார்கள். பழைய படம் வைத்திருப்பவர்கள், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அதன் பின்புறத்தில் மென்பென்சிலால் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும்.