கட்டாய வாக்களிப்பு: உரிமையும் கடமையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வாக்களித்தல் குடிமக்களின் உரிமையா, அன்றி அரசு அவர்கள்மீது சுமத்தத்தக்க கடமையா என்ற வினா சனநாயகக் கோட்பாட்டாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. இதனைத் தத்துவ நிலையில் மாத்திரம் வைத்து ஆராய்வோர், கட்டாய வாக்களிப்பு எத்தகைய சமூகச் சூழலிலே தோன்றியது என்பதை நோக்கத் தவறிவிடுகின்றனர்.

1893 ஏப்ரலில் பெல்ஜியத் தொழிலாளர் கட்சி சர்வசன வாக்குரிமை கோரிப் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியது. அதன் விளைவாக 25 வயது நிரம்பிய ஆண்கள் வாக்குரிமை பெற்றனர். ஆயின், சொத்தும் கல்வியும் உடையோருக்கு மூன்று வாக்குகள் வரை வழங்கப்பட்டன. வாக்களிப்பும் உடன்நிகழ்வாகக் கட்டாயமாக்கப்பட்டது. பன்மை வாக்கு முறை 1919 இலேயே ஒழிந்தது. பெண்கள் பாராளுமன்ற வாக்குரிமை பெற 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, கடமை எல்லார்க்கும் ஒன்றாயிருக்க, உரிமை சமமற்றதாயிருந்தது.

அவுஸ்திரேலியாவின் வரலாறு இம்முரண்பாட்டை மேலும் தெளிவாக்குகின்றது. அங்கு 1922 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தோர் 60 வீதத்திற்கும் குறைவாயினர். தஸ்மேனியாவைச் சேர்ந்த செனற்றர் ஹேர்பட் பெயின் கொணர்ந்த தனிநபர் மசோதா 1924 இலே சட்டமாயிற்று. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வாக்களிப்பு 91 வீதத்தைத் தாண்டியது. வறியோரும் தொழிலாளரும் தேர்தலிலிருந்து ஒதுங்கிவிடாது தடுக்கும் வழி இதுவே என்பார்க்கு இப்புள்ளிவிபரம் வலுவான சான்றாகும். அதனை எளிதில் மறுத்தல் இயலாது.

எனினும், வாக்களிக்காதோரைத் தண்டித்த அதே அரசு, ஆதிக்குடிகளிற் பெரும்பாலோரை 1902 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தினால் விலக்கி வைத்திருந்தது. 1962 இலேயே அவர்களனைவரும் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். ஏனையோரைப் போன்று அவர்களும் தம்மைப் பதிவுசெய்தல் 1984 இலேயே கட்டாயமாயிற்று. 'மக்கள் அனைவரும்' என்ற தொடரின் வரம்பை வாக்காளர் இடாப்பே நிர்ணயித்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

பிறிதொரு பிரச்சினையும் உண்டு. ஏர்னஸ்ட் ஜட் என்ற சோசலிஸ்ட், வேட்பாளர் அனைவரும் முதலாளித்துவத்தை ஆதரிப்போர் எனக் கூறி வாக்களிக்க மறுத்தார். அது தக்க காரணமன்று என 1926 இலே அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஹிகின்ஸ் மாத்திரம் மாறுபட்டார். அசட்டையினால் வாராதிருப்பவனையும் கொள்கையினால் வாராதிருப்பவனையும் சட்டம் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை நம் நாட்டு வரலாறும் உணர்த்தும். 1931 இலே டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்றது. ஆயின் அது பூரண சுயராச்சியம் அளிக்கவில்லை எனக் கண்ட யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரியது. வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரேனும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அவ்விடங்களுக்கு 1934 இலேயே தேர்தல் நடைபெற்றது. பகிஷ்கரிப்பின் விவேகம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. அது அசட்டையன்று என்பதில் ஐயமில்லை. வேட்பாளரே இல்லாத தொகுதியில் வாக்காளரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தால் ஆவதும் யாதுமில்லை.

அதைவிடப் பாரதூரமானது மலையகத் தமிழரின் அனுபவம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பான்மையோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1947 இலே வாக்களித்த தோட்டத் தொழிலாளர் பலர் 1952 இலே வாக்கற்றோராயினர். அவர்களை வாக்குச்சாவடிக்கு வராது தடுத்தது சோம்பலன்று, சட்டமேயாகும்.

எனவே, கட்டாய வாக்களிப்பை முற்றாக நிராகரிப்பது எமது நோக்கமன்று. எல்லாரையும் இடாப்பிற் சேர்த்து, 'எவரையும் ஏற்கேன்' என்று பதியும் வழியையும் வழங்கிய பின்னரே, அரசு வாக்களிப்பைக் கடமையென விதிக்கும் தார்மீக உரிமையைப் பெறும். வாராத வாக்காளன் யார் என்று வினவுமுன், வரவிடாது தடுக்கப்பட்டவன் யார் என்று வினவுதலே வரலாற்று மாணவனின் முதற் பணியாகும்.