நீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் ஒளிவினையூக்கிச் சுத்திகரிப்பும்

நாம் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்து முழுவதும் உடலில் சிதைவதில்லை. ஒரு பகுதி சிறுநீர், மலம் வழியாக வெளியேறிக் கழிவுநீரில் கலக்கிறது. கால்நடைகளுக்குத் தரப்படும் மருந்துகளும், வீசியெறியப்படும் மாத்திரைகளும், மருந்து ஆலைக் கழிவுகளும் அதனுடன் சேர்கின்றன.

இதனால் என்ன தீங்கு?

நீரில் காணப்படும் அளவு பெரும்பாலும் மிகக் குறைவு. அதைக் குடித்தவுடன் நோய் வருவதில்லை. ஆயினும் அச்சூழலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகக்கூடும். பின்னர் அவற்றால் நோய்த்தொற்று ஏற்பட்டால் வழக்கமான மருந்து பலனளிக்காது. பச்சிளங்குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளிகள், அறுவை சிகிச்சை பெற்றோர் ஆகியோருக்கு இது உயிராபத்தாக முடியலாம்.

ஐதராபாத் அருகேயுள்ள பட்டன்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெறும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம். வழக்கமான சுத்திகரிப்பு மட்டும் போதாது என்பதை இது உணர்த்தியது.

ஒளிவினையூக்கி எவ்வாறு செயல்படுகிறது?

டைட்டானியம் டை ஆக்சைடு இதில் அதிகம் பயன்படும் பொருள். இதன் மூலக் கனிமங்களான இல்மனைட், ரூட்டைல் ஆகியவை கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கின்றன. இப்பொருளின் மீது புறஊதா ஒளி படும்போது, நீரிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் மிகுந்த வினைத்திறன் கொண்ட துகள்கள் உருவாகின்றன. அவை மருந்து மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைக்கின்றன. வினையூக்கி தீர்ந்துபோவதில்லை, மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

இதற்கு வரம்புகளும் உண்டு. கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. சூரிய ஒளியில் புறஊதாப் பகுதி சிறிதளவே உள்ளது. சிதைவு முழுமையடையாவிட்டால் இடைநிலை வேதிப்பொருள்கள் எஞ்சும். நுண்துகள்களை நீரிலிருந்து பிரித்தெடுக்கவும் வேண்டும். எனவே இது ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் வல்லுநர் கண்காணிப்பில், பிற முறைகளுடன் இணைத்துக் கையாளப்பட வேண்டியது. டைட்டானியம் பொடியை வாங்கி வீட்டுக் குடிநீரில் கலக்காதீர்கள்.

காய்ச்சிய நீர் போதுமா?

நீரைக் கொதிக்கவைத்தால் நோய்க்கிருமிகள் அழியும். ஆகவே அப்பழக்கத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் கரைந்துள்ள மருந்துகளை நீக்க அதை நம்ப இயலாது. ஆகவே மருந்து நீரில் கலக்காமல் தடுப்பதே முதன்மையான வழி.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவர் பரிந்துரையின்றி ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். அட்டையில் உள்ள சிவப்புக் கோடு இதை நினைவூட்டும் அடையாளம்.
• சளி, சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு இம்மருந்தைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.
• குறித்த அளவில், குறித்த நாள்கள் வரை உட்கொள்ளுங்கள். பக்கவிளைவு தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள்.
• மீந்த மருந்தைப் பிறருக்குத் தராதீர்கள். கழிப்பறையிலோ, கிணறு, கண்மாய், வாய்க்காலிலோ போடாதீர்கள்; அப்புறப்படுத்தும் முறையை மருந்தாளுநரிடம் கேளுங்கள்.
• ஆடு, மாடு, கோழிகளுக்குக் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுங்கள்.

ஆலங்குடி வட்டாரத்தில் கண்மாய் நீரும் நிலத்தடி நீரும் மனிதர், கால்நடை, பயிர் அனைத்துக்கும் பொதுவானவை. உங்கள் ஐயங்களை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.